வாளியில் எவ்வளவு ரப்பர்?

20 கிலோ பால். தோட்ட எழுத்தரான கிராணி புத்தகத்தில் 30 சதவீதம் என்று எழுதினால் அது 6 கிலோ ரப்பர். 33 என்று எழுதினால் 6 கிலோ 600 கிராம். பாலும் அதேதான், வாளியும் அதேதான், வாளி சுமந்த காண்டாக் கம்பு தோளில் பதித்த தடமும் அதேதான். நடுவில் நிற்கும் இந்த 600 கிராமை எப்படித் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு மலாயாத் தோட்டங்களும் கோலாலம்பூர்ச் சுற்றுவட்டாரத்து ஆய்வுக்கூடங்களும் பல தலைமுறைகளாகப் பதில் தேடி வந்திருக்கின்றன.

பால்மரத்தில் வடிவது ரப்பர் மட்டுமல்ல. அன்று வெட்டிய பாலில் ஏறக்குறைய 25 முதல் 45 சதவீதம் வரை ரப்பர் இருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதோடு புரதம், சர்க்கரை, கொழுப்பு, உப்புகள் என்று சில சதவீதம். மரத்தின் இனம், பருவம், முந்தைய நாள் மழை, வெட்டும் இடைவெளி, பால் பெருக்கப் பூசும் எத்தபோன் மருந்து என எல்லாமே இந்த விகிதத்தை அசைக்கும். இலையுதிர்ந்து துளிர்க்கும் காலத்தில் ஒரு அளவு, மற்ற மாதங்களில் வேறு அளவு. பாலில் ரப்பரின் இந்த விகிதத்தைத்தான் ‘டி.ஆர்.சி.’ என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்கள். தமிழில் உலர் ரப்பர் அளவு எனலாம்.

இதை எப்படி அளப்பது என்பதற்கு வந்த முக்கியமான பதில்கள் மூன்று: மிதக்கவிட்டுப் பார்ப்பது, உலர்த்தி நிறுப்பது, நுண்ணலையை (மைக்ரோவேவை) அனுப்பிப் பார்ப்பது. மூன்றாவது பதில் கோலாலம்பூருக்கு அருகே செர்டாங்கில் உருப்பெற்றது. இக்கட்டுரை அதில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறது. முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடலாம். இந்த மூன்றில் நிறுப்பது ஒன்றுதான் ரப்பரைக் கையில் எடுத்துப் பார்க்கிறது. மற்ற இரண்டும் ரப்பருக்குப் பதிலாக வேறொன்றை அளந்து, அதிலிருந்து ரப்பரை ஊகிக்கின்றன. ஆகவே வாதம் கருவியின் துல்லியத்தோடு முடிவதில்லை. எந்த ஊகத்தை யார் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதிலும் அது தொடர்கிறது.

மிதவையின் பதில்

மெட்ரோலாக் என்பது பால்காரரின் பால்மானிக்கு உறவுக்காரக் கருவி. கீழே குண்டு, மேலே அளவுக்கோடு போட்ட தண்டு. ரப்பர் தண்ணீரைவிட இலேசு. அதன் அடர்த்தி சுமார் 0.92. ரப்பரை நீக்கிய நீர்ப்பகுதியின் அடர்த்தி சுமார் 1.02. பாலில் ரப்பர் கூடினால் அடர்த்தி குறையும், மிதவை ஆழமாக இறங்கும். கெட்டியான பாலில் மிதவை நகராமல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, நுரையை வழித்தெடுத்து, கண்ட எண்ணை மூன்றால் பெருக்குவது வழக்கம். பால் ஸ்டோர் வாசலில் ஒரு வரிசை ஆட்கள் நிற்கையில், ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவிடாமல் செய்யக்கூடிய வேலை இது. மின்சாரம் வேண்டாம், படிப்பும் அதிகம் வேண்டாம். இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு அதுவே காரணம்.

பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேற்சொன்ன அடர்த்திகளை வைத்தால், 30 சதவீதப் பாலின் அடர்த்தி 0.988, 40 சதவீதப் பாலினுடையது 0.978 அருகில். 10 சதவீதப் புள்ளி மாறினால் அடர்த்தி நூற்றில் ஒரு பங்குதான் மாறுகிறது. தண்ணீர் சேர்த்த பிறகு அந்த வித்தியாசமும் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். நீர்ப்பகுதியின் அடர்த்தி 1.02-க்குப் பதிலாக 1.022 என்றிருந்தாலே, நேராக மிதக்கவிட்டாலும் முடிவு ஒன்றரைப் புள்ளி வரை பிசகும். மரத்துக்கு மரம் நீர்ப்பகுதி ஒரே மாதிரி இருக்கும் என்று மெட்ரோலாக் நம்புகிறது. மரங்கள் அந்த நம்பிக்கையை மதிப்பதில்லை. இதற்குமேல் நுரை, பாதி உறைந்த பால், வெயிலில் சூடேறிய வாளி, மூன்றால் பெருக்கும்போது மும்மடங்காகும் கண் பிழை எல்லாம் உண்டு.

இதில் உள்நோக்கம் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் காலத்தில் பால்மரம் வெட்டுவோர் ஊதியம் ரப்பர் விலையோடும் கொண்டுவரும் ரப்பரின் எடையோடும் பிணைந்திருந்தது. மிதவையைப் படிப்பவர் நிர்வாகத்தின் ஆள், பாலைச் சுமந்து வந்தவர் வரிசையில் நிற்பவர் என்ற அமைப்பில், ஒன்றரைப் புள்ளிப் பிழையை வெறும் இயற்பியல் பிழை என்று யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

அடுப்பின் பதில்

மிதவைமேல் ஐயம் வந்தால் ஆய்வுக்கூடத்துக்குப் போவார்கள். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் சட்டம் வழி அமைந்தது. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் அதன் கட்டடமும், சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டமும் இருந்தன. பாலை நிறுத்து, நீர்க்கவைத்து, அசெட்டிக் அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லிய தாளாக அழுத்தி, கழுவி, 70 பாகை செல்சியஸ் அடுப்பில் உலர்த்தி, மறுபடி நிறுப்பது ஆய்வுக்கூட முறை. பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 126-இன் சாரமும் இதுதான். உறையவைத்துக் கழுவுவதால் சர்க்கரையும் உப்பும் பெரும்பாலும் வெளியேறிவிடுகின்றன. தட்டில் மிஞ்சுவது ரப்பருக்கு மிக நெருக்கமான ஒன்று.

இதன் உடன்பிறப்பு ஐ.எஸ்.ஓ. 124, மொத்தத் திடப்பொருள் அளவு. அங்கே உறையவைப்பதும் கழுவுவதும் இல்லை. பாலை அப்படியே 70 பாகையில் 16 மணி நேரமோ 105 பாகையில் 2 மணி நேரமோ உலர்த்தி நிறுத்தால் போதும். இரண்டு எண்களுக்கும் இடையே சில சதவீதம் வித்தியாசம் இருக்கும். ரப்பர் அல்லாத திடப்பொருள்தான் அந்த வித்தியாசம். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நுண்ணலையின் முக்கியமான தடுமாற்றம் இதில்தான் வரப்போகிறது.

அடுப்பின் குறை நேரம். காலையில் வெட்டிய பாலுக்கு மறுநாள்தான் பதில். அதற்குள் பால் பெரிய தொட்டியில் கலந்துவிடும். எல்லாருடைய பாலும் கலந்த தொட்டிக்கு ஒரு சராசரி எண் கிடைக்கும். அதைத் தனி ஒருவருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் சில நிமிடங்களில் உலர்த்தும் குறுக்குவழி உண்டு, பால் வாங்கும் இடங்களில் அது கையாளப்பட்டும் வருகிறது. அங்கே நுண்ணலை வெறும் விறகு. அளப்பது தராசுதான்.

அலையின் பதில்: ஏன் இது வேறு

நுண்ணலையை அளவுகோலாக்குவது வேறு கதை. ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்கித் திரும்புகிறது என்பதைச் சொல்லும் எண் மின்காப்பு மாறிலி. அலையின் ஆற்றலை எவ்வளவு விழுங்கி வெப்பமாக்குகிறது என்பது இழப்பு. தண்ணீர் மூலக்கூறு ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் என்று இருப்பதால், மின்புலம் திரும்பும்போதெல்லாம் தானும் திரும்பப் பார்க்கிறது. அறை வெப்பத்தில் தண்ணீரின் மாறிலி தாழ் அதிர்வெண்ணில் 78. 10 கிகாஹெர்ட்ஸில் 60-க்குச் சற்று மேல். இயற்கை ரப்பரின் மாறிலியோ 2.4 அளவில். அடர்த்தியில் இரண்டுக்கும் பத்து சதவீத வித்தியாசம்கூட இல்லை; இங்கே 25 மடங்கு. மெட்ரோலாக் கிசுகிசுப்பைக் கேட்க முயல்கிறது என்றால், நுண்ணலைக்குக் கேட்பது கூச்சல்.

இந்தக் கூச்சலைக் கேட்கும் கருவிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1890களிலேயே கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், தாமே செய்த மில்லிமீட்டர் அலைக் கருவிகளால் கந்தகம் போன்ற பொருள்களின் ஒளிவிலகல் எண்ணை அளந்தார். போர்க்கால ரேடார் ஆய்வுகளை அடுத்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஆர்தர் வான் ஹிப்பல் குழுவினர் நூற்றுக்கணக்கான பொருள்களின் மின்காப்பு அளவுகளைத் தொகுத்தனர். அவருடைய நூல் 1954-இல் வந்தது. பிறகு வந்த முறைகளை மூன்று குடும்பங்களாகப் பார்க்கலாம்.

ஒத்ததிர்வுக் குழி முறையில், மூடிய உலோகப் பெட்டிக்குள் அலை மணியோசைபோல் ஒலிக்கும். சிறு துண்டு பொருளை உள்ளே வைத்தால் சுருதி இறங்கும். இழப்பு குறைந்த பொருளுக்கு இதைவிடத் துல்லியமான வழி அரிது. ஆனால் பால்போல் அலையை விழுங்கும் திரவத்தில் மணி ஒலிக்காது, ‘டொப்’பென்று நின்றுவிடும், துளியளவு எடுத்து மெல்லிய குழாயில் வைத்தால்தான் முடியும். கடத்தும் முறையில், அலைநடத்திக் குழாய்க்குள் பொருளை அடைத்து, திரும்பி வருவதையும் கடந்து போவதையும் சேர்த்து அளப்பார்கள். நிக்கல்சனும் ராஸும் 1970-இலும், வெயர் 1974-இலும் தந்த கணக்குமுறையால் மின்காப்பையும் காந்த இயல்பையும் ஒருங்கே பெறலாம். பால் காந்தப் பொருள் அல்ல. அந்த வசதி இங்கே வீண். மேலும் 10 கிகாஹெர்ட்ஸில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீரைக் கடப்பதற்குள் அலையின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கும் மிஞ்சாது.

மூன்றாவது குடும்பம் எதிரொலிப்பு முனை. டி.வி. ஆண்டெனா வயரைக் குறுக்காக வெட்டினால் நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் ஒரு வளையம் தெரியுமே, அதே அமைப்பு. அந்த வெட்டுமுகத்தைத் திரவத்தில் தொடவைத்தால், அலையில் ஒரு பகுதி திரும்பி வரும். எவ்வளவு திரும்பியது, எவ்வளவு தாமதமாகத் திரும்பியது என்ற இரண்டிலிருந்து பொருளைக் கணிக்கலாம். மாதிரியை வெட்ட வேண்டாம், அடைக்க வேண்டாம், தொட்டால் போதும். பாலுக்கும் பழத்துக்கும் இதுவே ஏற்றதாக ஆனதில் வியப்பில்லை.

செர்டாங்கில் நடந்தது

1971-இல் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 1997-இல் பெயர் மாறிய, செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில், 1980களின் தொடக்கத்திலிருந்து கைடா காலிட் என்ற பேராசிரியர் ரப்பர் பாலை நுண்ணலையால் அளக்கும் ஆய்வை நடத்தினார். முதலில் அடிப்படை அளவுகள். முனை உணரியையும் திரும்பும் அலையை அளக்கும் நெட்வொர்க் அனலைசரையும் கொண்டு 0.2 முதல் 20 கிகாஹெர்ட்ஸ் வரை, பல வெப்பநிலைகளில், பல நீர்விகிதங்களில் பாலின் மின்காப்பு இயல்பு பதிவாயிற்று. அதிலிருந்து எந்த அதிர்வெண்ணில் அளப்பது என்ற கேள்விக்கு விடை தெளிந்தது. சுமார் 2, 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே உப்பு அயனிகளின் ஓட்டம் இழப்பை ஆள்கிறது. பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியாவும் அங்கே குறுக்கிடும். மேலே போகப்போகத் தண்ணீர் மூலக்கூறின் சுழற்சியே முன்னுக்கு வருகிறது. ஆகவே 10 கிகாஹெர்ட்ஸ் அண்டை உகந்தது. தானியங்கிக் கடைக்கதவுகளிலும் போலீசின் வேகமானிகளிலும் இருக்கும் மலிவான அலைமூலம் அதே அண்டையில் இயங்குவது கூடுதல் நல்லூழ். இலட்சக்கணக்கான ரிங்கிட் பெறும் அனலைசரை எந்தத் தோட்டமும் ஸ்டோரில் வைக்காது.

அதன் விளைவாக வந்த கையடக்கக் கருவிக்கு ‘லேட்டக்சோமீட்டர்’ என்று பெயர். பாலில் முனையைத் தோய்த்ததும் திரும்பிவரும் அலையிலிருந்து சில நொடிகளில் சதவீதத்தைக் காட்டுவது. தண்ணீர் சேர்க்க வேண்டாம், மூன்றால் பெருக்க வேண்டாம், கோட்டைக் கண்ணால் படிக்க வேண்டாம். படிப்பவரின் கண் கணக்கிலிருந்து விலகிவிட்டது என்பதே இதன் பெரிய சாதனை என்பது என் மதிப்பீடு. துல்லியம் அதற்கு அடுத்துத்தான்.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வலுவானது. நுண்ணலை காண்பது தண்ணீரை, ரப்பரை அல்ல. தண்ணீர் போக மிஞ்சியது மொத்தத் திடப்பொருள். அதிலிருந்து ரப்பர் அல்லாததற்கு ஒரு நிலையான எண்ணைக் கழித்தால்தான் டி.ஆர்.சி. கிடைக்கும். அந்த எண் மரத்துக்கு மரம் மாறும். ஆக, மெட்ரோலாக் நீர்ப்பகுதியின் அடர்த்தியை நம்பியதுபோல் இதுவும் ஒன்றை நம்புகிறது. நம்பிக்கை சிறியதாகிவிட்டது, மறைந்துவிடவில்லை. மாவோ களிமண்ணோ கலந்தால் அது தண்ணீர் அல்ல என்பதால் கருவி அதையும் ரப்பர் கணக்கில் சேர்த்துவிடும். தண்ணீர் கலந்தால் மட்டும் உடனே பிடிபடும்.

இரண்டாவது, வெப்பம். சூடு ஏறினால் தண்ணீர் மூலக்கூறு வேகமாகச் சுழலும். 10 கிகாஹெர்ட்ஸில் இழப்பு குறையும். விடியலில் எடுத்த பாலும் பதினொரு மணிக்கு வெயிலில் வந்த பாலும் ஒரே சதவீதமாக இருந்தும் வேறு வேறாகத் தெரியலாம். வெப்பமானியைச் சேர்த்துத் திருத்துவது கடினமல்ல. ஆனால் திருத்தக் கணக்கு எந்தப் பாலை வைத்துச் செய்யப்பட்டது என்ற கேள்வி அங்கேயும் வரும்.

மூன்றாவது, ஆழம். அலை பாலுக்குள் ஓரிரு மில்லிமீட்டரே ஊடுருவுகிறது. வாளியில் 20 கிலோ இருக்கலாம். கருவி பார்ப்பது முனையை ஒட்டிய சில துளிகளை. முனையில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால், காற்றின் மாறிலி 1 என்பதால், பால் திடீரென்று கெட்டியானதுபோல் காட்டும். அதைவிட மோசம், மெல்லப் படியும் ரப்பர்ப் படலம். உறைவதே பாலின் குணம். தோய்த்தெடுத்த முனை காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத தோல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஆளின் பாலை அளக்கும்போது கருவி முந்தைய ஆளின் ரப்பரையும் சேர்த்தே பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் கழுவித் துடைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இது ஒரு வரி. நாற்பது பேர் காத்திருக்கும் ஸ்டோர் வாசலில் இதுவே முழு வேலை.

நான்காவது, கோட்பாட்டுத் தரப்பிலிருந்து. ரப்பர்த் துகள்களைப் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வையில் ஒட்டிய தண்ணீர் சுதந்திரமான தண்ணீர்போல் சுழலாது. 1904-இன் மேக்ஸ்வெல் கார்னெட் வாய்பாடு, 1935-இன் புருக்மன் வாய்பாடு, பின்னாளில் கிராஸ்செவ்ஸ்கி முதலானோர் தந்தவை என்று கலவையைக் கணிக்கும் வாய்பாடுகள் பல. இவற்றில் எதுவும் எல்லா நீர்விகிதத்திலும் பிசகாமல் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. நடைமுறையில் கருவிகள் வாய்பாட்டைவிட, கருவி காட்டும் எண்ணைச் சதவீதமாக மாற்றும் அளவீட்டுக் கோட்டையே நம்பி ஓடுகின்றன. அந்தக் கோட்டை வரைவது எதை வைத்து? பழைய அடுப்பை வைத்துத்தான். அலை என்னதான் வேகமாகச் சொன்னாலும், அடுப்பு மெல்லச் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறது.

செம்பனைக் குலையில் அதே கேள்வி

தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது கேள்வியும் கூடவே வந்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை குலை பழுத்ததா என்பதைச் சொல்வது நிறமும் உதிரிப் பழமும்தான். காய் முற்றும்போது சதையில் தண்ணீர் குறைந்து எண்ணெய் ஏறுகிறது. ஆகவே தண்ணீரை அளந்தால் பழுத்த நாளைச் சொல்லலாம் என்று அதே செர்டாங் துறை வாதிட்டது. கைடா காலிடும் சுல்கிஃப்லி அப்பாஸும் 1992-இல் இதற்கொரு மைக்ரோஸ்டிரிப் உணரியை முன்வைத்தார்கள். பின்னர் முனை உணரிகளும் வந்தன.

கருத்து சரி. இடைஞ்சல் குலையின் அமைப்பில். ஒரு குலையில் ஆயிரத்துக்கு மேல் பழங்கள் இருக்கலாம். வெளிப்பழம் பழுத்திருக்க உள்பழம் காயாக இருக்கும். எந்தப் பழத்தைத் தொடுவது? வாளிப் பாலைக் கலக்கிவிட்டு அளக்கலாம், குலையைக் கலக்க முடியாது. பழம் உதிர்ந்த பத்துத் தடங்களை எண்ணுகிற கண், குறைகள் இருந்தாலும், முழுக் குலையையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுகிறது. இவ்விஷயத்தில் கருவி தோற்றது என்று சொல்வதற்கில்லை. கண்ணை வெல்லும் அளவுக்கு அது வளரவில்லை என்பதே சரியாக இருக்கும்.

இன்னும் தீராதவை

லேட்டக்சோமீட்டர் பிறந்த காலத்தில் கிள்ளான், காப்பார், சுங்கை பூலோவைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆயிற்று. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்துக்குள் இணைந்தது. அதன் சுங்கை பூலோ நிலத்தில் இன்று குவாசா டாமான்சாரா என்ற நகரியம் எழுகிறது, எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. காப்பாரிலும் சா ஆலாமிலும் கையுறை நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய இயற்கை ரப்பர்ப் பாலில் பெரும்பகுதி 60 சதவீதத்துக்குச் செறிவூட்டி வெளிநாட்டிலிருந்து, முக்கியமாகத் தாய்லாந்திலிருந்து, வருகிறது. இந்த வாணிபத்தில் அடுப்பு முறைக்கு நேரம் உண்டு, பேரம் நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவே. அவசரம் இல்லாத இடத்தில் அவசரக் கருவிக்கு மதிப்புக் குறைவு.

ஆகவே நுண்ணலை வென்றதா என்பதற்கு இரண்டு விதமாகவும் சொல்லலாம். அளக்க முடியும் என்பதை அது ஐயமின்றிக் காட்டிவிட்டது. மெட்ரோலாக்கை அது ஸ்டோரிலிருந்து அகற்றியதா என்றால், அகற்றுவதற்கு முன் ஸ்டோர்களே பெரும்பாலும் மறைந்துவிட்டன. அண்மையில் அகச்சிவப்பு அலைமானிகளும் இதே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. அவற்றுக்கும் அளவீட்டுக் கோடு அடுப்பிலிருந்துதான் வர வேண்டும்.

மலேசிய ரப்பரில் பெரும்பங்கு இன்று சிறுதோட்டக்காரர்களுடையது. அதில் பெரும்பகுதி, பால் வடியும் கிண்ணமான மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலாக விற்பனைக்குப் போகிறது. கேள்வி இப்போது அங்கே இடம் மாறியிருக்கிறது. கட்டிப்பாலில் மிதவை இறங்காது. முனையைத் தோய்க்க முடியாது. தொட்டாலும் மேல்தோலின் ஓரிரு மில்லிமீட்டர்தான் தெரியும், உள்ளே புளித்த நீர் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது தெரியாது. மரப்பட்டை, மணல், காற்றுத்துளை எல்லாம் கலந்த கட்டி அது. தானிய ஈரத்தை அளப்பதற்காகக் கிராஸ்செவ்ஸ்கியும் அமெரிக்க வேளாண்துறையின் ஸ்டூவர்ட் நெல்சனும் வளர்த்த வழி ஒன்று உண்டு: அலையின் மெலிவையும் தாமதத்தையும் சேர்த்து அளந்து, இரண்டின் விகிதத்தை எடுத்தால் அடர்த்தியின் குறுக்கீடு பெருமளவு நீங்கும். அதைக் குறைந்த அதிர்வெண்ணில், கட்டியை ஊடுருவும்படி செய்யலாம். ஆனால் குறைந்த அதிர்வெண்ணுக்கு இறங்கினால் உப்பு அயனிகள் திரும்பவும் உள்ளே வந்துவிடும். உறையவைக்க எந்த அமிலத்தை எவ்வளவு ஊற்றினார்கள் என்பதும் அளவில் கலந்துவிடும்.

இதற்கு இடையில், கட்டிப்பால் வாங்குமிடத்தில் கட்டி தராசில் ஏறுகிறது. வாங்குபவர் கத்தியால் ஒரு ஓரத்தைப் பிளந்து, விரலால் அழுத்தி, எவ்வளவு நீர் கசிகிறது என்று பார்க்கிறார். பிறகு ஒரு சதவீதம் சொல்கிறார்.